துணியின் ஓரத்தில் ஒரு பெயர்: பின்லாந்து வடிவமைப்பாளர்களின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு வரலாறுதான், ஆனா ராஜா, போர், கோட்டைன்னு ஆரம்பிக்கப் போறதில்ல. ஒரு சினிமா சீன்ல ஆரம்பிக்கலாம்.

1977-ல் வந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படம். கடைசிக் காட்சி. பெரிய மண்டபம், இரண்டு பக்கமும் வீரர்கள் வரிசை. வெள்ளை உடையில் இளவரசி லியா, ஜெயித்து வந்தவர்களுக்குப் பதக்கம் போடுறாங்க. எல்லாரும் பதக்கத்தைத்தான் பார்ப்போம். அடுத்த முறை படத்தைப் போட்டால் லியாவோட கழுத்தைப் பாருங்க. வெள்ளியில் ஒரு நெக்லஸ் இருக்கும். மேடும் பள்ளமுமா, விண்வெளியில இருந்து ஏதோ ஒரு கோளை எடுத்த போட்டோ மாதிரி.

படத்துக்காகச் செய்த ப்ராப்னுதான் நிறைய பேர் நினைப்பாங்க. கிடையாது. அதன் பெயர் ‘கோள்களின் பள்ளத்தாக்குகள்’. ஹெல்சிங்கியில் பிறந்த பியோர்ன் வெக்ஸ்ட்ரோம் என்ற கலைஞர் 1969-ல் வடிவமைத்தது. அதாவது, படம் வருவதற்கு 8 வருஷம் முன்னாடியே அது விற்பனைக்கு வந்த ஒரு நகை.

அந்தக் காலத்தில் பின்லாந்தின் மக்கள்தொகை 50 லட்சத்துக்கும் குறைவு. நாடு சுதந்திரம் அடைந்ததே 1917-ல்தான். இவ்வளவு சின்ன நாட்டில் இருந்து, யாரையும் பார்த்துச் செய்யாத மாதிரி ஒரு உடை, ஒரு நகை எப்படித் தொடர்ந்து வருது? இதுதான் என் முதல் கேள்வி. அதைத் தேடும்போது இரண்டாவது ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கிட்டது: ஒரு அழகான பொருளைப் பார்க்கும்போது நாம் யாரைப் பாராட்டுகிறோம்? கம்பெனியையா, செய்த ஆளையா?

சிலை வைக்கக் கிளம்பினார்கள், நகை வந்தது

பின்லாந்துக்காரர்களுக்கு ‘கலேவலா’ என்று ஒரு காப்பியம் உண்டு. கிராமங்களில் வாய்வழியாகப் பாடப்பட்டு வந்த பாடல்களை எலியாஸ் லோன்ரோத் என்ற மருத்துவர் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, கோத்து, 1835-ல் வெளியிட்டார். நமக்கும் இது முற்றிலும் அந்நியம் இல்லை. பின்லாந்தில் வாழ்ந்த இலங்கைத் தமிழரான ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற பெயரில் எழுதியவர், 1994-ல் இதை முழுசாகத் தமிழில் கொண்டுவந்தார். ஆர்வம் இருந்தால் தேடிப் படிங்க.

1935-ல் கலேவலாவுக்கு நூற்றாண்டு விழா. அந்தச் சமயத்தில் எல்சா ஹெபொராவ்தா என்ற பெண் எழுத்தாளருக்கு ஒரு யோசனை. காப்பியத்தின் ஆண் நாயகர்களைத்தான் எல்லாரும் கொண்டாடுறாங்க, பெண்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் வேண்டாமா? சிலை வைக்கலாம். சரி, காசு?

அங்கேதான் நகை வருது. தேசிய அருங்காட்சியகத்தில் இரும்புக் காலக் கல்லறைகளில் கிடைத்த ஆபரணங்கள் இருந்தன. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அந்த மண்ணில் பெண்கள் அணிந்த புரோச்சுகள், பதக்கங்கள், சங்கிலிகள். அவற்றைப் பார்த்து அதே மாதிரி செய்து விற்கலாம் என்று முடிவு செய்தார்கள். ஜெர்முண்ட் பாயெர் என்ற கலைஞர் வரைந்து கொடுத்தார். 1937-ல் முதல் தொகுப்பு வந்தது. இன்றைக்கும் இருக்கிற ‘கலேவலா கொரு’ நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். ‘கொரு’ என்றால் நகை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் எடுத்துக்கொண்ட உலோகம். வெண்கலம். தங்கம் வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும்னு வைக்கல. ஒரு டீச்சரும் நர்ஸும் கூட வாங்கிப் போட்டுக்கலாம். அழகு என்பது எடையிலும் கேரட்டிலும் இல்லை, வடிவத்தில் இருக்குன்னு ஒரு தலைமுறைக்கே அது பழக்கிக் கொடுத்தது.

சிலைத் திட்டம் என்ன ஆச்சு? போர் வந்துடுச்சு. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் படைகள் பின்லாந்துக்குள் நுழைந்தன. சிலை பின்னுக்குப் போச்சு. பெண்களின் உழைப்பு போரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதில் திரும்பியது. நகை நின்றுவிட்டது. அந்த நிறுவனம் அந்தப் பெண்கள் அமைப்பின் கையில்தான் இன்னமும் இருக்கு.

ஊரை இழந்த நெசவுக்காரி

போரின் முடிவில் கரேலியா என்ற கிழக்குப் பகுதியின் பெரும்பகுதி சோவியத் வசம் போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள். அந்தக் கரேலியாவில் பிறந்தவர் ஆர்மி ராட்டியா. ஹெல்சிங்கியில் துணி வடிவமைப்பு படித்துவிட்டு, வீபோரி நகரில் சொந்தமாக நெசவுக்கூடம் வைத்திருந்தார். போரில் அந்த நகரமும் போச்சு, நெசவுக்கூடமும் போச்சு.

ஹெல்சிங்கியில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கணவர் வில்யோ ‘பிரிண்டெக்ஸ்’ என்ற தொழிற்சாலையை நடத்த ஆரம்பித்தார். அங்கே தயாரானது மேசை மேல் விரிக்கிற மெழுகுத்துணி. அதைப் பருத்தித் துணியில் அச்சிடும் இடமாக மாற்றினார்கள். இளம் ஓவியர்களைக் கூப்பிட்டு ஆர்மி கேட்டது ஒன்றுதான்: வழக்கமா எல்லாரும் போடுற டிசைன் வேண்டாம், புதுசா வரைஞ்சு கொடுங்க.

கொஞ்சம் அந்தக் காலத்தை நினைச்சுப் பாருங்க. துணியே ரேஷனில் வந்த வருஷங்கள் அப்போதான் முடிந்திருந்தன. போரின்போது காகித நூலில் கூடத் துணி நெய்தார்கள். சோவியத் யூனியனுக்குப் போர் இழப்பீடு வேறு கட்டிக்கொண்டிருந்தார்கள். 1952 வரைக்கும் அது ஓடியது. அப்படிப்பட்ட நாட்டில், உள்ளங்கை அகலக் கோடும் தட்டு அகல வட்டமுமா அச்சிட்ட துணியைக் காட்டினால், மக்கள் என்ன சொல்வாங்க? நல்லாருக்கு, ஆனா இதை வச்சு என்ன பண்றது?

அதுக்குப் பதிலாத்தான் 1951 மே மாதம் ஹெல்சிங்கியில் ஒரு உணவகத்தில் ஃபேஷன் ஷோ வைத்தார்கள். உடைகளை வடிவமைத்தவர் ரீட்டா இம்மோனென். நோக்கம் உடை விற்பது இல்லை. துணியை வச்சு என்னெல்லாம் தைக்கலாம்னு காட்டுவது. வந்தவர்கள் உடைகளையே கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. உடனே ஒரு கம்பெனி பதிவானது. பெயர் மரிமெக்கோ. மரி என்பது ஒரு சாதாரணப் பெண் பெயர், மெக்கோ என்றால் கவுன். நம்ம ஊர்ல ‘லட்சுமியோட பாவாடை’ன்னு கம்பெனிக்குப் பேர் வைக்கிற மாதிரி.

ஒரு கோடு, ஒரு பூ

எங்க ஆபீஸில் கொஞ்ச காலம் ஹெல்சிங்கி டீம் ஒன்றோடு வேலை செய்தோம். வாராவாரம் வீடியோ கால். அதில் ஒரு சீனியர் இன்ஜினியர் அடிக்கடி கோடு போட்ட ஒரு சட்டையில் வருவார். கேமராவில் பார்த்தாலே தெரியும், அந்தக் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டவை இல்லை, லேசாக அசையும். ஒருநாள் கேட்டேன். “இது என் அப்பாவோடது”ன்னு சொன்னார். அப்புறம் தேடினதில் தெரிந்தது: அது ‘யோகபோய்கா’ சட்டை. ‘ஒவ்வொரு பையனும்’ என்று அர்த்தம். 1956-ல் வடிவமைத்தது. இன்னமும் விற்பனையில் இருக்கு.

வடிவமைத்தவர் வுவோக்கோ எஸ்கோலின்-நூர்மெஸ்னியெமி. 1953-ல் மரிமெக்கோவில் சேர்ந்தவர். அதே வருஷம் ‘பிக்கோலோ’ என்ற கோட்டு வடிவத்தை வரைந்தார். தூரிகையால் கையாலே இழுத்த கோடுகள். துணியில் அச்சிடும்போது ஒரு நிறம் பக்கத்து நிறத்தின் மேல் லேசாக ஏறும். ஏறுகிற இடத்தில் மூன்றாவது நிறம் ஒன்று பிறக்கும். வேறு ஒரு ஆலையாக இருந்தால் இதைப் பிசிறு என்று தள்ளியிருப்பார்கள். அவர் அதையே வடிவத்தின் பாகமாக்கினார். யோகபோய்கா சட்டைக்கு அந்தத் துணிதான். உலகத்தில் அத்தனை சட்டையிலும் கோடு இருக்கு. ஆனா இவருடைய கோட்டில் ஒரு கை அசைந்த தடம் இருக்கு.

இன்னொருவர் மைய்யா இசோலா. 1949-லேயே பிரிண்டெக்ஸில் சேர்ந்துவிட்டார். 500-க்கும் மேற்பட்ட வடிவங்களை வரைந்தவர். 1964-ல் நடந்த கதை ரொம்பப் பிரபலம். ஆர்மி ராட்டியா ஒரு அறிவிப்பு விட்டார்: மரிமெக்கோ பூ டிசைன் போடாது. பூ என்றால் அது உயிரோடு இருக்கும்போதுதான் அழகு, துணியில் அச்சடித்தால் அழகில்லை என்பது அவர் வாதம். முதலாளி சொல்லியாச்சு. நாமளா இருந்தா என்ன பண்ணுவோம்? டிக்கெட்டை மூடிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இசோலா ஒரு வரிசையே பூவாக வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒன்று ‘உனிக்கோ’. உனிக்கோ என்றால் பாப்பி; நம்ம சமையலில் வர்ற கசகசா இருக்கே, அந்தக் குடும்பத்துப் பூ. முகம் அளவுக்குப் பெரிசா, தட்டையா, இளஞ்சிவப்பிலும் சிவப்பிலும்.

ஆர்மி பார்த்தார். தன் சொல்லைத் தானே விட்டுக்கொடுத்து, அச்சிடச் சொன்னார். இன்றைக்கு மரிமெக்கோ என்றாலே உலகம் நினைப்பது அந்தப் பூவைத்தான். மறுத்தவரையும் பாராட்டணும், ஏத்துக்கிட்டவரையும் பாராட்டணும்.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். மரிமெக்கோ துணியை மீட்டர் கணக்கில் வாங்கினால், அதன் ஓரத்தை, அந்த விளிம்பைப் பாருங்க. சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்: வடிவத்தின் பெயர், வரைந்தவர் பெயர், வருஷம். தைக்கும்போது அந்த ஓரம் உள்ளே மடிந்து போகலாம், வெட்டியும் போகலாம். ஆனா ஆலையில் இருந்து வரும்போது துணி முழுக்க அந்தப் பெயரும் கூடவே வருது.

நம்ம வேலையில் இருக்கிறவங்களுக்கு இது சட்டென்று புரியும். கிட்ல ஒவ்வொரு கமிட்டுக்கும் ஒரு ஆத்தர் பெயர் இருக்கும் இல்லையா? அதே தான். பொருள் கம்பெனியுடையது, வரி யாருடையதுன்னு பதிவு இருக்கு.

பெயர் இருந்தால் என்ன ஆகும்? வெளியே போகிற தைரியம் வரும். 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் மரிமெக்கோவைப் பார்த்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பெஞ்சமின் தாம்சன், மாசசூசெட்ஸில் இருந்த தன் கடையில் விற்க ஆரம்பித்தார். 1960-ல் ஜாக்குலின் கென்னடி ஏழெட்டு கவுன்கள் வாங்கினார். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்த வருஷ டிசம்பரில் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ அட்டையில் கணவரோடு வந்தார். கம்பெனி புகழின் உச்சிக்கு ஏறுகிற அதே 1960-ல் வுவோக்கோ வெளியே வந்துவிட்டார். 1964-ல் ‘வுவோக்கோ’ என்று தன் பெயரிலேயே நிறுவனம். ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்த பெயர் கடை வாசலுக்கு வந்தது.

வழுவழுப்பு இல்லாத தங்கம்

இப்போ லியாவோட நெக்லஸுக்குத் திரும்பலாம். வெக்ஸ்ட்ரோம் பொற்கொல்லராகப் படித்தவர், மனசளவில் சிற்பி. 1963-ல் ‘லப்போனியா’ என்ற நகை நிறுவனத்தோடு சேர்ந்தார். 1960-ல் பெக்கா அன்த்திலா தொடங்கியது. லப்போனியா என்பது வடக்கே இருக்கிற லாப்லாந்தின் லத்தீன் பெயர். அங்கே ஆற்று மணலில் தங்கக் கட்டிகள் கிடைக்கும். சொரசொரப்பா, மங்கலா.

தங்கம் என்றால் பளபளன்னு இருக்கணும்னுதான் உலகம் முழுக்க நினைப்பு. வெக்ஸ்ட்ரோம் அந்தச் சொரசொரப்பை அப்படியே விட்டார். பளபளப்பு ஒரு ஓரத்தில், கரடு ஒரு ஓரத்தில். மலையில் வெயில் படுகிற மாதிரி. 1965-ல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த சர்வதேச நகைப் போட்டியில் அவருடைய ‘பூக்கும் சுவர்’ என்ற நெக்லஸ் முதல் பரிசு வாங்கியது. 1969-ல் வெள்ளிக்கு வந்தார். மனிதன் நிலவில் கால் வைத்த வருஷம். ‘கோள்களின் பள்ளத்தாக்குகள்’ அப்போது பிறந்தது. அடுத்து வெள்ளியோடு அக்ரிலிக்கைச் சேர்த்தார். வைரம் வைக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் வைக்கிற தைரியம்!

கவனிங்க, ஒவ்வொரு நகைக்கும் ஒரு சிற்பத்துக்கு வைக்கிற மாதிரி தலைப்பு உண்டு. எத்தனை கிராம் என்று கேட்டு வாங்குகிற பொருளாக அதை அவர்கள் விற்கல.

பெயரின் மறுபக்கம்

இதுவரைக்கும் கேட்டா, பெயர் போட்டால் எல்லாம் நல்லதே நடக்கும் போலத் தோணும். 2013-ல் நடந்ததையும் சொல்லணும்.

பின்ஏர் விமானம் ஒன்றின் உடம்பு முழுக்க மரிமெக்கோவின் ‘மெட்சான்வாகி’ வடிவம் தீட்டப்பட்டிருந்தது. ‘காட்டு ஜனங்கள்’ என்று பொருள். அழகான, விசித்திரமான மரங்கள். வரைந்தவர் மைய்யா இசோலாவின் மகள் கிறிஸ்டினா இசோலா. பின்லாந்தின் பெரிய நாளிதழான ‘ஹெல்சிங்கின் சனோமாத்’ ஒரு செய்தி வெளியிட்டது: இது உக்ரைன் கிராமத்து ஓவியர் மரியா பிரிமாசென்கோ 1963-ல் வரைந்த ஓவியத்தை அப்படியே ஒத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கிறிஸ்டினா இசோலா ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். விமானத்தில் இருந்து அந்த வடிவம் அழிக்கப்பட்டது.

உலகம் மதிக்கிற ஒரு நிறுவனம். பள்ளிக்கூடப் படிப்பே அதிகம் இல்லாத, 1997-ல் இறந்துபோன ஒரு கிராமத்துப் பெண். யாருக்கும் தெரியாமலே போயிருக்கலாம். போகாததற்கு ஒரு காரணம், இரண்டு பக்கமும் பெயர் இருந்தது. ஓவியத்துக்கும் ஆள் உண்டு, துணிக்கும் ஆள் உண்டு. ஒப்பிட முடிந்தது, கேட்க முடிந்தது, பதில் சொல்லவும் ஒருவர் இருந்தார்.

கிட்லயும் இப்படித்தான். ஒரு வரியை யார் எழுதினாங்கன்னு பார்க்கிற கமாண்டுக்குப் பேர் என்ன? பிளேம். நல்லா எழுதினவங்களைக் கண்டுபிடிக்கவும் அதே கமாண்டுதான், சொதப்பினது யாருன்னு பார்க்கவும் அதே கமாண்டுதான். பாராட்டுக்கு மட்டும் பெயர் போட்டுக்கிட்டு பழிக்கு மட்டும் மறைச்சுக்க முடியாது. பெயரே இல்லாத ஆயிரம் டிசைன்களில் இந்த மாதிரி எத்தனை நடக்குதோ, அங்கே யாரைப் போய்க் கேட்கிறது?

இப்போது

இன்றைய ஆட்கள் யார்? பாவோலா சுஹோனென் 1998-ல் ‘இவானா ஹெல்சிங்கி’யை ஆரம்பித்தார். 2007-ல் பாரிஸ் ஃபேஷன் வீக்கின் அதிகாரப்பூர்வ அட்டவணையில் இடம் பிடித்தார். ‘குளோப் ஹோப்’ 2003-ல் தொடங்கியது. பழைய ராணுவத் துணி, படகுப் பாய், கார் சீட் பெல்ட் இவற்றில் இருந்து பையும் உடையும் செய்கிறார்கள். சாது மாரானென் 2013-ல் பிரான்சின் இயேர் நகரில் இளம் வடிவமைப்பாளர்களுக்கு நடக்கிற பெரிய போட்டியில் முதல் பரிசு வாங்கினார்.

மாரானென் படித்தது ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தில். 2010-ல் ஹெல்சிங்கியின் கலைக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி, வணிகக் கல்லூரி மூன்றையும் இணைத்து உருவாக்கினார்கள். பி.இ. படிச்ச எனக்கு இது கொஞ்சம் பொறாமையா இருக்கு. நாலு வருஷம் படிச்சதுல ஒரு ஓவியரோட பேச வேண்டிய அவசியமே எனக்கு வரல. அங்கே ரசாயனம் படிப்பவரும் உடை வடிவமைப்பவரும் ஒரே ஆய்வகத்தில் உட்கார்ந்து, மரக்கூழில் இருந்து ‘ஐயோன்செல்’ என்ற நூல் எடுத்தார்கள். 2018 டிசம்பர் 6, பின்லாந்தின் சுதந்திர நாள். அன்று ஜனாதிபதி மாளிகை விருந்தை நாடே டிவியில் பார்க்கும். யார் என்ன உடுத்தினார்கள் என்பதுதான் மறுநாள் பேச்சு. அப்போதைய ஜனாதிபதியின் மனைவி யென்னி ஹௌக்கியோ அன்று போட்டது பிர்ச் மரத்தில் இருந்து எடுத்த நூலில் நெய்த கவுன். வடிவமைத்தது அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவி எம்மா சார்னியோ. ஒரு மாணவியின் பெயர் அன்றைக்கு நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

சொந்த லேபிள் நடத்துறது அங்கேயும் ஈசி இல்லை. சின்னச் சந்தை, அதிகக் கூலி, கிளிக் பண்ணா வீட்டுக்கு வர்ற மலிவு உடைகளோட போட்டி. பெரிய மரிமெக்கோவே ஒரு கட்டத்தில் நஷ்டத்தில் கிடந்தது. 1991-ல் கிர்ஸ்தி பாக்கானென் என்ற விளம்பரத் துறைப் பெண் வாங்கித்தான் மீட்டார். பெயர் இருந்தால் மட்டும் வாடகை கட்ட முடியாது. அந்தப் பெயரைத் தேடி வாங்குகிற ஆட்களும் வேணும்.

அதனாலதான் ரசிக்கிறதைச் சின்ன விஷயமா நான் நினைக்கல. வாங்குற வசதி எல்லா மாசமும் இருக்காது, எனக்கும் இல்லை. ஆனா ஒரு சட்டையைப் பார்த்து “சூப்பரா இருக்கே”ன்னு சொன்ன அடுத்த நொடி “யார் வரைஞ்சது?”ன்னு கேட்கக் காசு வேண்டாம். ஜோடித்த பொம்மைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காங்கன்னு கடைக்காரருக்கும் ஞாபகம் வரும்.

இந்த வாரத்துக்கு உங்களுக்கு ஒரு வேலை. உங்க அலமாரியைத் திறந்து, உள்ளே இருக்கிற துணியில் எத்தனைக்கு வடிவமைத்த மனுஷரோட பெயர் உங்களுக்குத் தெரியும்னு எண்ணிப் பாருங்க. பிராண்ட் பெயர் கணக்கில் வராது. என் அலமாரியில் எண்ணினேன்: 31 சட்டை, டி-ஷர்ட். பெயர் தெரிந்தது ஒன்று. அதுவும் கல்லூரி டிபார்ட்மெண்ட் டி-ஷர்ட், வரைஞ்சது என் ரூம்மேட்.

உங்க எண்ணிக்கையை வாய்ஸ் நோட்டில் அனுப்புங்க. பெயரோட அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். சந்திப்போம்.